புகையிலை டப்பா வராத மாதம்

எங்கள் அதிகாரிக்கு மாதா மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு பார்சல் வரும். ஆபீஸ் முகவரிக்கு வரும் தபாலையெல்லாம் பிரித்து மேஜையில் வைப்பது என் வேலை என்பதால் அதையும் நான்தான் பிரிப்பேன். பழுப்புக் காகிதத்துக்குள் இரண்டு சுற்று செய்தித்தாள். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் வட்டமான தகர டப்பா. கடிதம் எதுவும் இருக்காது. அனுப்பியவர் பெயரும் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸின் முகவரியும் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

நெய்வேலியில் டைப்பிஸ்டாக நான் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்களுக்கென்று ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்கள் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார்கள். அந்த நிலத்தில் கூலிக்கு நட்டு அறுத்தவர்களுக்கு எந்த ஆபீஸுக்குப் போவதென்றே தெரியவில்லை. அப்பா கான்ட்ராக்டில் மண் வெட்டப் போனார். சில வருஷத்தில் பர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கே வந்த பிறகுதான் நான் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்தேன். எங்கள் தெருவிலிருந்து ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். முதல் நாள் அம்மா என் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை வந்து, நான் பஸ் ஏறிய பிறகு திரும்பிப் போனாள்.

எங்கள் பிரிவுக்குத் தண்ணீர் இறைக்கும் பொறுப்பு. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரிய ஊற்று இருக்கிறது. ராத்திரி பகலாகப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். நிறுத்தினால் தரை அடியிலிருந்து பொங்கி வந்துவிடும். அதனால் எங்கள் அதிகாரிக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டியவர். உயரம். அதிகம் பேசமாட்டார். எப்போதும் வாயில் பைப் இருக்கும். எங்கள் பக்கத்தில் அதைச் சுங்கான் என்போம். முதல் மாதச் சம்பளத்தோடு நான் வீட்டுக்குப் போய் அவரைப் பற்றிச் சொன்னபோது அப்பா சிரித்தார். "தொரைங்க போயிட்டாலும் சுங்கானை உட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார்.

புகை எனக்கு ஆகாது. அப்பாவின் பீடியே ஆகாது. ஆனால் அந்த டப்பாவின் வாசனை வேறு. நாணயத்தை மூடி ஓரத்தில் வைத்துத் திருப்பினால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், பிறகு வாசனை எழும். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் விறகுப் புகையும் பாகும் கலந்து ஒரு வாசனை வருமே, கிட்டத்தட்ட அது. எங்கள் ஆபீஸில் எப்போதும் நிலக்கரித் தூசியின் கந்தக நெடிதான். டப்பா திறந்த அன்று மட்டும் அது சற்று விலகி நிற்கும்.

ஒன்றை நான் கவனித்திருந்தேன். பார்சல் வந்த அன்று அவர் டப்பாவை உடனே எடுக்கமாட்டார். முதலில் காகிதத்தை எடுப்பார். தன் பெயர் எழுதியிருக்கும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போடுவார். முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

யார் அனுப்புவது என்பதை அவருடைய மனைவிதான் எனக்குச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். ஆபீஸ் விழா ஒன்றில் பார்த்த முகம்.

"இந்த மாசம் பார்சல் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுங்க. செவ்வாய்க்கிழமையே வந்துது."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "என் புள்ளை அனுப்புறான்" என்றார். "ஒரே புள்ளை. ஹார்பர்ல வேலை. கப்பல்ல வர்ற ஆபீசர்ங்க கிட்ட சொல்லிவெச்சு வாங்குறான். கடையில கிடைக்காது. கல்யாணம் பண்ணிக்கிட்டு மூணு வருஷமாச்சு. அன்னையிலேருந்து இவர் பேசறதில்ல. அவனும் எழுதறதில்ல. டப்பா மட்டும் வரும். இவர் அதை வேண்டாம்னு சொல்றதும் இல்ல."

நான் கத்தரிக்காயைக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஏங்க, பொண்ணு பிடிக்கலையா?"

"பொண்ணு டீச்சர். தங்கமான பொண்ணுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவங்க ஆளுங்க வேற. நம்ம மாதிரி..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். 'நம்ம' என்ற சொல்லுக்குள் நான் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் ஒண்ணும் நினைச்சுச் சொல்லலம்மா" என்றார். "பரவால்லீங்க" என்றேன். அன்று வாங்க வந்த பாதிச் சாமான்களை வாங்காமலேயே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் ஆபீஸில் அதிகாரியின் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. என் ஊரும் அப்பா பெயரும் என் ஃபைலில் இருந்தன. நான் யார் என்பது அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்தில் ஒரு முகச்சுளிப்பு கிடையாது. நான் கூஜாவிலிருந்து ஊற்றி வைக்கும் தண்ணீரை எடுத்துக் குடிப்பார். "நீ அடிச்சா தப்பே வராது" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஒரு டீச்சர் தன் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்கிறார். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது ஒரு விதமான அசதி. தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு மாதம் பார்சல் வரவில்லை. முதல் வாரம் போனது, இரண்டாம் வாரமும் போனது. "தபால் வந்துடுச்சா?" என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்டார். மூன்றாம் வாரம் ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. பார்சலில் பார்த்துப் பார்த்து அந்தக் கையெழுத்து எனக்குப் பழக்கமாகியிருந்தது. பிரிக்காமல் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதை ஃபைல் பண்ணிடு."

"எந்த ஃபைல்ல சார்?"

"மிசலேனியஸ்."

ஃபைலில் கோக்கும்போது படித்தேன். படிக்காமல் கோக்க என்னால் முடியவில்லை. ஐந்தாறு வரிதான். "அப்பாவுக்கு வணக்கம். இந்த மாதம் டப்பா அனுப்ப முடியவில்லை. மூன்று கப்பலில் சொல்லிவைத்தேன். அந்தக் கலவையைக் கம்பெனியே நிறுத்திவிட்டதாம், இனிமேல் வராதாம். உங்களுக்கு வேறு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அனுப்புகிறேன்."

அவர் எழுதவில்லை. பதிலாக, டப்பாவின் அடியில் அச்சடித்திருந்த லண்டன் முகவரியைப் பார்த்து அந்தப் புகையிலைக் கம்பெனிக்கு ஒரு கடிதம் சொன்னார். பம்ப் உதிரி பாகம் வராவிட்டால் எழுதுவதைப் போன்ற கடிதம். இத்தனை வருஷமாக இதையே புகைப்பவன் நான். முன்னறிவிப்பு இல்லாமல் எப்படி நிறுத்தலாம்? காரணம் என்ன? நான் அடித்துக் கொடுத்தேன். கார்பன் காப்பியும் மிசலேனியஸ் ஃபைலுக்குள் போயிற்று, மகன் கடிதத்தின் மேலேயே.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. மிக மரியாதையாக மூன்று வரி. அந்தக் கலவையைக் கேட்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவிட்டார்கள், இளைஞர்கள் சிகரெட்டுக்குப் போய்விட்டார்கள், வருந்துகிறோம்.

"கேக்கறவங்க குறைஞ்சா?" என்று அவர் கடிதத்தை மேஜையில் போட்டார். "நான் கேக்கறேனே!"

இரண்டாம் கடிதம் போனது. அதற்கு வந்த பதில் நீளமாக இருந்தது. அந்தக் கலவையின் உயிரே ஒரு கறுப்பு இலையில்தான் இருக்கிறதாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை நாட்டில், இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, காட்டு விறகையும் செடியையும் எரித்து மாதக்கணக்கில் புகை போடுவார்களாம். காடு அழிகிறது என்று அந்த நாட்டில் மரம் வெட்டத் தடை வந்துவிட்டது. இலை வருவது நின்றுபோயிற்று. ஈடாகப் பயன்படுத்தக்கூடியவை என்று வேறு ஏழெட்டு வகைகளின் பட்டியலும் இணைத்திருந்தார்கள். அவர் பேனாவால் பட்டியலின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

இதற்கிடையில் யாரோ குண்டூர்ப் புகையிலை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பிடித்தார், இருமினார், விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வெறும் பைப்பையே பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மகன் யாரைக் கட்டிக்கொண்டான் என்பதையும் அன்றுதான் சொன்னேன். அப்பா சொம்பைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சீமைக்கு ரெண்டு லெட்டர் போட்டவரு மெட்ராசுக்கு ஒரு கார்டு போடக் கூடாதா?" என்றார். "பையன் கேட்டுகினு இருக்கான். இவரு பதிலைப் போயி வேற எங்கியோ தேடிகினு இருக்காரு."

"நீங்களா இருந்தா போடுவீங்களாப்பா?"

"எனக்கு எழுதத் தெரியாது. நேரா பஸ் ஏறிப் போயிருப்பேன்."

மூன்றாம் கடிதத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இலை இல்லையென்றால் வேறு இலையைப் போட்டு அதே சுவையைக் கொண்டுவர முடியாதா? அதற்கு வந்த பதிலைக் கம்பெனியில் யாரோ ஒருவர் கைப்படவே எழுதியிருந்தார். ஆங்கிலக் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடியது. அதிகாரி என்னையே படிக்கச் சொன்னார். அவருடைய கண்ணாடி அன்று வீட்டில் இருந்தது.

அந்தக் கடிதத்தின் சாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முயன்று பார்த்தோம் என்று எழுதியிருந்தார். கலவை போடும் மனிதர் ஓய்வு பெற்றுவிட்டார். அளவுகளெல்லாம் நோட்டில் இருக்கின்றன, ஆனால் அவர் நோட்டைப் பார்த்துப் போட்டதே இல்லை. ஒவ்வொரு வருஷத்து இலையும் ஒவ்வொரு மாதிரி. அவர் முகர்ந்து பார்த்துக் கூட்டுவார், குறைப்பார். வேறு இலையை வைத்து, வேறு ஆளை வைத்துப் போட்டுப் பழைய வாடிக்கைக்காரர்களிடம் கொடுத்தோம். நன்றாக இருக்கிறது, ஆனால் இது அது இல்லை என்றார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறொன்றை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. கேட்பவர்கள் குறைந்தது மட்டும் என்றால் நஷ்டத்தோடு நடத்தியிருப்போம். இலை மட்டும் என்றால் காத்திருந்திருப்போம். எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. அதனால் நிறுத்தினோம்.

கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "இதற்காக மூன்று முறை எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அந்தப் புகையிலை உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் கேட்கலாமா?"

நான் படித்து முடித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்னம்மா பதில் எழுதறது?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. "உண்மையை எழுதுங்க சார்" என்றேன்.

"என்ன உண்மை?"

"அது உங்க மகன் அனுப்பறதுன்னு."

மகனைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "பேப்பர் எடு. மெஷின் வேண்டாம். தமிழ்ல, கையால எழுது."

நான் எழுதினேன். மகனின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். "உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு வேறு புகையிலை எதுவும் அனுப்ப வேண்டாம். நீ புறப்பட்டு வா." அதற்குப் பிறகு நின்றுவிட்டார். பைப்பை எடுத்தார், வைத்தார். "நீயும்... உன்..." மறுபடி நின்றார்.

"அவளை எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டார். கேலியாக அல்ல. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"மருமகளையும் அழைச்சுக்கிட்டு வான்னு எழுதலாம் சார்."

"அந்த வரியை யோசிச்சுச் சொல்றேன். அது வரைக்கும் உன் கிட்ட இருக்கட்டும்" என்றார். நான் கடிதத்தை என் டிராயரில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. ஐப்பசி மழை. மூன்று நாள் விடாமல் கொட்டியதில் சுரங்கத்தின் ஒரு பக்கத்துச் சரிவு இறங்கி, இரண்டு பம்ப் மண்ணுக்குள் போய்விட்டன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அவர் கீழேயே கிடந்தார். சட்டை மாற்ற மட்டும் வீட்டுக்குப் போய் வந்தார். அப்பாவுக்கும் இரட்டை ஷிப்ட். நாங்கள் ஆபீஸில் தந்தி, டிரங்க் கால், ரிப்போர்ட் என்று நிமிர நேரமில்லாமல் இருந்தோம்.

ஐந்தாறு நாள் கழித்து அவர் ஒரு கையெழுத்துக்காக மேலே வந்தார். பூட்ஸெல்லாம் சேறு. "சார், அந்த லெட்டர்" என்றேன்.

"எந்த லெட்டர்? ம்... அப்புறம். தண்ணி இறங்கட்டும்."

எழுதி வைத்திருந்தது நான்கு வரி. அந்த நான்கு வரியும் போதும். "நீ புறப்பட்டு வா" என்பதற்கு மேல் என்ன வேண்டும்? கவரில் போட்டு, ஒட்டி, தபாலோடு தபாலாக அனுப்பியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப்போவதில்லை. முகவரி ஃபைலில் இருந்தது. ஒரு தடவை கவரைக்கூட எடுத்தேன். அதிகாரி முடிக்காத கடிதத்தை டைப்பிஸ்ட் அனுப்புவதா என்று திரும்ப வைத்தேன். அந்த மருமகள் வரியை அவர் வாயாலேயே சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஆசையும் எனக்குள் இருந்தது. அதை இன்றைக்குத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. எனக்காகவும்தான் அந்த வரி வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் முற்பகலில் அவர் அறையில் போன் அடித்தது. நான் போய் எடுத்தேன். மெட்ராஸ் டிரங்க் கால். கப்பல் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் பேசினார். எங்கள் அதிகாரியின் மகனுக்குப் பதினைந்து நாளாக மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் இருந்தார், இன்று காலையில் போய்விட்டார். மனைவிக்கு உங்களுக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, நாங்களாகத்தான் கூப்பிடுகிறோம் என்றார். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொன்னார், லைன் அவ்வளவு மோசம். நானும் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றேன்.

ஜீப் ஓட்டுபவரைக் கூப்பிட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினேன். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அவர் ரெயின்கோட்டோடு பம்ப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், வாயில் வெறும் பைப். புதைந்த பம்ப் ஒன்றை அன்றுதான் மீட்டிருந்தார்கள். தண்ணீர் குழாயிலிருந்து முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். நான் ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லை.

"என்னம்மா இங்க?"

"மெட்ராஸ்லேருந்து போன் வந்துது சார்."

"யாரு, அவனா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டேன். மூன்றரை வருஷத்தில் அந்த மனிதரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எந்த வார்த்தைகளில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டதும், பம்ப் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு "வால்வைப் பாத்துக்கோப்பா" என்று சொன்னதும், பிறகு ஜீப் இருந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்ததும் நினைவிருக்கிறது. ஜீப் ஓட்டுபவர்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துவந்தார்.

அவரும் மனைவியும் காரில் மெட்ராஸ் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மருமகள் அவர்களை உள்ளே கூப்பிட்டு, பாயை விரித்து உட்காரவைத்தாளாம். அவள் வீட்டு வாசற்படியை அவர் அன்றுதான் மிதித்தார்.

ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தார். கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் கேட்டார். கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"நானாவது அனுப்பியிருக்கணும் சார்" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நீ எப்படிம்மா அனுப்புவே? நான் முடிக்கவே இல்லையே" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை அது. ரிப்போர்ட்டில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டுவதைப் போல, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு உட்காரச் சொன்னார். மருமகளுக்கு ஒரு கடிதம். இந்த முறை எந்தச் சொல்லிலும் நிற்கவில்லை. மருமகளே என்று தொடங்கி, இது உன் வீடு, எப்போது வேண்டுமானாலும் வா, நாங்கள் வந்து அழைத்துப்போகிறோம் என்று முடித்தார். அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

அவள் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. டீச்சருக்கே உரிய உருண்டையான கையெழுத்து. அதையும் அவர் என்னிடம்தான் கொடுத்தார். ஃபைல் பண்ணச் சொல்லவில்லை, படி என்றார்.

மாதா மாதம் டப்பாவுக்காகத் தன் கணவர் கப்பல் கப்பலாக ஏறி இறங்குவார் என்று எழுதியிருந்தாள். பார்சல் கட்டும்போது நான் கேலி செய்வேன், ஒரு கடிதத்தையும் சேர்த்து வையுங்களேன் என்பேன். கடிதம் வைத்தால் அப்பா பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவார், வெறும் டப்பா என்றால் வாங்கிக்கொள்வார் என்பார். அது நின்றுபோனபோதுதான் முதல் முறையாகக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு தினமும் தபால்காரரைக் கேட்பார். ஆஸ்பத்திரியிலும் கேட்டார். இன்று வரவில்லை, நாளைக்கு வரும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அவரில்லாமல் வர எனக்குக் கால் எழவில்லை. அத்தை எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம்.

அவர் மனைவியைத்தான் வரலாம் என்று எழுதியிருந்தாள். மாமா என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று நான் கேட்கவில்லை. கவனித்திருப்பார்.

லண்டன் கடிதத்துக்கு அவர் பதில் எழுதவே இல்லை. பைப்பை அதற்குப் பிறகு நான் அவர் வாயில் பார்க்கவில்லை. மாதம் ஒரு முறை அவருடைய மனைவி மெட்ராஸுக்குப் போய் இரண்டு மூன்று நாள் மருமகளோடு இருந்துவிட்டு வருவார். காலை பஸ்ஸுக்கு அவர்தான் கொண்டுவந்து ஏற்றிவிடுவார். பலாப்பழக் காலத்தில் பலாச்சுளையும் முந்திரியும் பொட்டலம் கட்டி, தானே பஸ்ஸுக்குள் ஏறி, சீட்டுக்கு அடியில் சாயாமல் வைத்துவிட்டு இறங்குவார். அவர் போகமாட்டார். யாரும் கூப்பிடவில்லையே என்பார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை சேத்தியாத்தோப்பு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தோம். பத்திரிகை கொடுத்தபோது அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனைவியோடு வந்தார். அப்பா ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் அதில் உட்காரவில்லை. பந்தியில் தரையில் விரித்த பாயில், எங்கள் ஊர்க்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா எதிரில் நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்களும் உக்காருங்க" என்றார் அவர்.

"இருக்கட்டுங்க, நீங்க சாப்புடுங்க" என்றார் அப்பா. அவரும் வற்புறுத்தவில்லை. இருவருமே சங்கடப்பட்டுக்கொண்டிருந்தது மணமேடையிலிருந்த எனக்குத் தெரிந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோது என் மாமியார் அவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டினார். என் மாமியாருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பெரிய மனிதர் வந்திருக்கிறார், இரண்டு வார்த்தை பேசி அனுப்ப வேண்டுமே என்று நினைத்திருப்பார்.

"ஐயாவுக்குப் புள்ளைங்க எத்தினிங்க?"

"ஒரே பையன்."

"எங்க இருக்காருங்க?"

அவர் மனைவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். மாலை கழுத்தில் கனத்தது.

"மெட்ராஸ்ல" என்றார். "ஹார்பர்ல வேலை. மருமக டீச்சர்."

"நல்லா இருக்கட்டுங்க. அடிக்கடி வருவாங்களா?"

அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். "எழுதியிருக்கேன்" என்றார்.